துபாயில் விமானம் மாறுவது எப்படி? பதுளைக் கோச்சி (ரயில்) ஏறத் தெரிந்தவர்களுக்கான செய்முறை

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து ஒரு தங்கச்சி சைப்ரசுக்கு வேலைக்குக் கிளம்பினாள். அவளுடைய அம்மா நாலு நாளைக்கு முன்பே என்னைத் தேடி வந்துவிட்டார். "பிளேன் ஏறுறது பயமில்ல புள்ள. நடுவுல எறங்கி வேற பிளேன் மாறணுமாமே, அத நெனச்சாத்தான் வயித்தக் கலக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவை நான் போனபோது எனக்கும் அதே கலக்கம்தான். அனுப்பி வைத்த ஏஜன்சிக்காரர் "துபாயில மாறணும்" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொண்டார். மாறுவது என்றால் என்ன, எங்கே மாறுவது என்று யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குச் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

கடவுச்சீட்டு, விசா, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது இல்லாமல் கட்டுநாயக்க விமான நிலையத்தையே தாண்ட முடியாது. ஒன்று மட்டும்: மழைக்காலமென்றால் ஹட்டனிலிருந்து வேனை ஒரு மூன்று மணித்தியாலம் முந்தியே எடுங்கள். கினிகத்தேன பக்கம் மண் சரிந்தால் விமானம் உங்களுக்காக நிற்காது.

முதலில் தோட்டத்தின் வரைபடம்

துபாய் விமான நிலையத்தை ஒரு பெரிய தோட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். 2024 ஆம் ஆண்டில் மட்டும் 9 கோடி 23 இலட்சம் பேர் அதன் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். இலங்கையின் மொத்தச் சனத்தொகையைப் போல நாலு மடங்குக்கும் மேல். தோட்டத்துக்கு மூன்று டிவிசன்: டெர்மினல் 1, 2, 3. டிவிசனுக்குள்ளே லயங்கள், அதாவது வரிசை வீடுகள். அதை அங்கே கொன்கோர்ஸ் என்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. லயத்துக்குள்ளே காம்பரா (வீட்டு அறை) நம்பர், அதுதான் கேட். ஆக "பி 17" என்றால் பி லயம், 17 ஆம் காம்பரா. அவ்வளவுதான் சூட்சுமம்.

எமிரேட்ஸ் விமானங்களுக்கு டெர்மினல் 3. அதற்குள் ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள். ஸ்ரீலங்கன் உட்பட வேறு பல நிறுவனங்களின் விமானங்கள் டெர்மினல் 1 க்கு வரும், அவற்றின் கேட்டுகள் டி எழுத்தில் இருக்கும். டெர்மினல் 2 ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கிறது. ஃப்ளைதுபாய் விமானங்கள் பெரும்பாலும் அங்கேதான். மேல் டிவிசனிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டிவிசனுக்குப் போவது மாதிரி, அதற்கு பஸ் வேண்டும். கீழே பிறகு சொல்கிறேன். நான் போனது டெர்மினல் 3 வழியாக, எனவே அதை வைத்தே விளக்குகிறேன்.

1. கட்டுநாயக்கவில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

பெட்டி போடும் இடத்தில் இரண்டு போர்டிங் பாஸ் தருவார்கள்: கொழும்பு–துபாய் ஒன்று, துபாய்–அடுத்த ஊர் ஒன்று. ஒன்றுதான் தந்தால் வெட்கப்படாமல் "மற்றது எங்கே?" என்று கேளுங்கள்.

அடுத்தது பெட்டியில் ஒட்டும் பட்டி. அதில் கடைசி ஊரின் மூன்றெழுத்து இருக்க வேண்டும். சைப்ரசின் லார்னகா போகிறவருக்கு எல்.சி.ஏ. அங்கே டி.எக்ஸ்.பி. மட்டும் இருந்தால் பெட்டி துபாயோடு நின்றுவிடும் என்று அர்த்தம். அதை எடுக்க நீங்கள் வெளியே வர வேண்டும், வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். இரண்டு டிக்கட்டைத் தனித்தனியாக வாங்கினால் இந்த வில்லங்கம் வரும். இருபதாயிரம் ரூபாய் மிச்சமென்று யாராவது அப்படி எடுத்துத் தந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

ஊறுகாய், சம்பல் போத்தல்கள் பெரிய பெட்டிக்குள் போகட்டும். துபாயில் இறங்கிய பிறகு கைப்பையை இன்னொரு தடவை சோதிப்பார்கள், 100 மில்லிலீட்டருக்கு மேல் எந்தத் திரவமும் போகாது. ஊறுகாயும் அவர்கள் கணக்கில் திரவம்தான். தேயிலைப் பைக்கட்டைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

2. இறங்கியதும்

விமானத்தை விட்டு வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் பெட்டிப் படம் போட்ட பலகை: அது துபாயிலேயே தங்குகிறவர்களுக்கு. அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்களுடையது "கனெக்‌ஷன்ஸ்" என்று எழுதியிருக்கும் பக்கம். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் ஆளென்றால், அந்தச் சொல்லை ஒரு மட்டையில் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். பலகையும் மட்டையும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சீருடைக்காரரிடம் காட்டினால் கையால் வழி காட்டுவார். அந்தத் தங்கச்சிக்கும் அப்படித்தான் ஒரு மட்டை செய்து கொடுத்தேன், பழைய பிஸ்கட் பெட்டியில் வெட்டியது.

பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே வந்ததும் தங்கக் கடை, வாசனைத் தைலக் கடை என்று கண்ணைப் பறிக்கும். எதையும் பார்க்காதீர்கள். முதலில் திரை.

3. திரை, கடிகாரம், மோல்ட்டா

நான் விழுந்த இடம் இதுதான்.

கட்டுநாயக்கவில் தந்த இரண்டாவது பாஸில் கேட் நம்பர் இருக்கவில்லை. இருந்தாலும் அதை நம்பக் கூடாது, மாறும். புறப்பாட்டுத் திரையில்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். மேலிருந்து கீழாகத் தேடினேன். லார்னகா இல்லை. இன்னொரு திரைக்குப் போனேன், அங்கேயும் இல்லை. போனை எடுத்து மணி பார்த்தால் 7.40. பாஸில் ஏறும் நேரம் 6.50. விமானம் போய்விட்டது, அதனால்தான் பெயரையே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இருந்த கடன், அம்மா அடகு வைத்த தோடு, எல்லாம் கண்ணுக்குள் வந்தது. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த நேபாளத்துப் பெண் என் பாஸை வாங்கிப் பார்த்து, திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "மோல்ட்டா" என்று இருந்தது.

அந்த விமானம் லார்னகாவில் ஆட்களை இறக்கிவிட்டு மோல்ட்டாத் தீவு வரை போவது. நான் பார்த்த நேரம் திரையில் கடைசி ஊர் இருந்தது. கொஞ்சம் நின்று பார்த்திருந்தால் லார்னகாவும் மாறி வந்திருக்கும். கோட்டை ஸ்டேஷனில் நாம் எத்தனை தடவை ஏறியிருக்கிறோம்! பலகையில் "பதுளை" என்றுதானே இருக்கும், "ஹட்டன்" என்றா இருக்கும்? அங்கே தடுமாறாத ஆள் இங்கே தடுமாறினேன்.

ஆகவே ஊரைத் தேடாதீர்கள், விமான இலக்கத்தைத் தேடுங்கள். பாஸில் இரண்டு எழுத்தும் சில எண்களும் சேர்ந்து இருக்கும். அதற்குக் கீழே பேனையால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் போன்ற ஊர்களுக்கு ஒரு நாளில் பல விமானங்கள் போகும், அங்கேயும் இலக்கம்தான் கைகொடுக்கும்.

இனி மணி. நான் பார்த்த 7.40 இலங்கை நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அங்கே அப்போது 6.10, எனக்கு இன்னும் 40 நிமிடம் இருந்தது. பாஸில் அச்சடித்திருக்கும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். உள்ளூர் சிம் இல்லாத போன் தானாக மாறும் என்று நம்பியிருக்க வேண்டாம். என்னைக் கேட்டால் போனைவிடச் சாதாரண முள்ளுக் கடிகாரம் மேல். இறங்கியதும் திரையில் இருக்கும் நேரத்தைப் பார்த்துத் திருகிவிட்டால் அன்றைக்கு முழுக்க வேறு கணக்கு வேண்டாம்.

போகும்போது இந்த ஒன்றரை மணித்தியாலம் சும்மா பயம்தான் காட்டும், விமானம் தவறாது. திரும்பி வரும்போதுதான் கவனம் வேண்டும். சைப்ரஸ் நேரம் துபாயைவிடக் குளிர்காலத்தில் இரண்டு மணித்தியாலம், கோடையில் ஒரு மணித்தியாலம் பின்தங்கியது. மாற்றாத போனைப் பார்த்து "இன்னும் நேரமிருக்கே" என்று ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தால் கொழும்பு விமானம் போயே விடும்.

4. கேட்டுக்குப் போவது

எழுத்தைப் பிடியுங்கள், பிறகு நம்பர். ஏ பகுதிக்கும் பி பகுதிக்கும் இடையில் ஓட்டுகிற ஆளில்லாமல் ஓடும் சின்னக் கோச்சி இருக்கிறது. பி யிலிருந்து சி க்கு நடக்கலாம். நகரும் நடைபாதைகள் இருக்கும், வலப்பக்கம் ஒதுங்கி நின்றால் அவசரக்காரர் தாண்டிப் போவார்கள். வயதானவர்களுக்கு நகரும் படி பயமென்றால் லிஃப்ட்டைத் தேடுங்கள், எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அரை மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள். புறப்பட 20 நிமிடம் இருக்கும்போது கேட்டை மூடிவிடுவார்கள்.

காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குத் தப்படித்துக் கூப்பிடுவது மாதிரி இங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வருமென்று தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் கேட்டைக் கண்ணால் பாருங்கள், பிறகு கழிப்பறை, தண்ணீர், தூக்கம் எல்லாம். குடிநீர்க் குழாய்கள் இலவசம், வெறும் போத்தல் ஒன்று கொண்டு போனால் காசு மிச்சம்.

டெர்மினல் 2 க்குப் போகிறவர்கள்

எமிரேட்ஸில் வந்து ஃப்ளைதுபாயில் மாறும்படி ஒரே டிக்கட்டில் போட்டிருந்தால், அடுத்த விமானம் டெர்மினல் 2 இலிருந்து புறப்படலாம், 3 இலிருந்தும் புறப்படலாம். பாஸிலும் திரையிலும் டெர்மினல் நம்பரைப் பாருங்கள். 2 என்றால் வெளியே குடிவரவுக்குப் போக வேண்டாம், உள்ளேயே கனெக்‌ஷன் பஸ் இருக்கிறது, கவுண்டரில் பாஸைக் காட்டினால் வரிசையைக் காட்டுவார்கள். பஸ் விமான நிலையத்தைச் சுற்றிப் போகும், நேரம் எடுக்கும். இந்த மாற்றத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைந்த இடைவெளி உள்ள டிக்கட்டை நான் வாங்க மாட்டேன்.

பிறகு சேர்த்தவை

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருந்தார்: மனைவி துபாயில் இறங்கி வாட்ஸ்அப்பில் எடுத்த கோல் எதுவும் வரவில்லையாம், வீடே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டதாம். அண்ணே, அந்த நாட்டில் வாட்ஸ்அப் கோலுக்குத் தடை. எழுத்தும் குரல் பதிவும் போகும். விமான நிலையத்து இலவச வைஃபையில் இணைந்து "எறங்கிட்டேன்" என்று ஒரு குரல் பதிவு போட்டால் போதும். இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லி வையுங்கள்.

இன்னொரு அக்கா கேட்டது கசகசா கொண்டு போகலாமா என்று. நம் கடைகளில் ஃபலூடாவுக்குப் போடும் கசகசா துளசி வகை விதை. ஆனால் உண்மையான கசகசா, அதாவது அபினிச் செடியின் விதை, ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை. பைக்கட்டில் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று அங்கே நின்று விளங்கப்படுத்த முடியுமா? வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வலி மாத்திரை, இருமல் மருந்து கொண்டு போகிறவர்கள் டாக்டரின் துண்டையும் சேர்த்து வையுங்கள், சிலவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு இருக்கிறது.

அந்தத் தங்கச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். துபாயிலிருந்து அவள் போட்ட குரல் பதிவை அவளுடைய அம்மா எனக்குப் போட்டுக் காட்டினார்: "அக்காகிட்ட சொல்லும்மா, மோல்ட்டானுதான் போட்டிருக்கு, நம்பர் சரியா இருக்கு. மட்டைய ஒரு ஊவா அக்கா வாங்கிக்கிட்டாங்க, அவங்களுக்கு வழி தெரியலயாம்."