கொரியாவுல கம்மி காசுல பார்பிக்யூ: மொத தடவ போறவங்களுக்கு

நான் சியோல் பக்கத்துல இருக்குற சுவோனுக்குப் படிக்க வந்து மூணு வருஷம் ஆச்சு. புதுசா வர்ற நம்ம பசங்க எல்லாரும் கேக்குற மொத கேள்வி இதுதான், கறி சுட்டு சாப்பிடுற கடைக்கு எப்படிப் போறது, என்ன சொல்றது, எவ்ளோ ஆகும்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு இங்கயே எழுதி வெச்சுடுறேன்.

1. கடை

சம்கியோப்சால்னா பன்றியோட வயித்துப் பகுதி கறி. சம்னா மூணு, கியோப்னா அடுக்கு, சால்னா சதை. சாதாரண கடையில இதுவே இப்ப மலிவு கிடையாது, 2024 மே மாசம் சியோல்ல 200 கிராம் சராசரி விலை மொத முறையா 20,000 வான் தாண்டிடுச்சு. அதனால நம்ம பட்ஜெட்டுக்கு ரெண்டு வழி.

ஒண்ணு முஹான் ரிபில், அதாவது தலைக்கு இவ்ளோன்னு குடுத்துட்டா எத்தன தடவ வேணா கறி வாங்கிக்கலாம். இன்னொண்ணு தேபே சம்கியோப்சால். தேபேன்னா தச்சரோட இழைப்புளி, மரத்த இழைச்சா சுருள் சுருளா விழும்ல, உறைய வெச்ச கறிய அதே மாதிரி மெல்லிசா சீவி சுருள் சுருளாவே தட்டுல வெச்சுத் தருவாங்க. மொத தடவ போறீங்கன்னா தேபேதான் என் ஓட்டு, ஏன்னா நிமிஷத்துல வெந்துடும், தப்பு பண்ணவே கஷ்டம். நாலு பேர் நல்ல பசியோட போனா முஹான் ரிபில்.

கடை தேட நேவர் மேப் போட்டுக்கோங்க, இங்க நடந்து போற வழிக்கு கூகுள் மேப்ஸ நம்பாதீங்க. மெனு படிக்க பபாகோங்கிற மொழிபெயர்ப்பு ஆப்ல கேமராவ காட்டினா போதும். நிறைய கடை மத்தியானம் 3லருந்து 5 வரைக்கும் மூடிடுவாங்க, அதையும் மேப்லயே பாத்துட்டுக் கிளம்புங்க.

2. உக்காந்ததும்

ஸ்பூன், சாப்ஸ்டிக் எல்லாம் பெரும்பாலும் டேபிள் பக்கவாட்டுல இருக்குற டிராயர்ல இருக்கும். பெல் பட்டன் இருந்தா அமுக்குங்க, இல்லேன்னா "யொகியோ"ன்னு குரல் குடுங்க, இங்க அது மரியாதைக் குறைவு கிடையாது. ஏப்ரன் வேணும்னா "அப்ச்சிமா". சில கடையில ஸ்டூல் மூடியத் தூக்கினா உள்ள கோட் வைக்க இடம் இருக்கும். தண்ணி, கிம்ச்சி (காரமா புளிக்க வெச்ச முட்டைக்கோஸ்), லெட்டூஸ் எல்லாம் நிறைய கடையில செல்ஃப் பார்ல நாமளே எடுத்துக்கணும்.

3. தட்டு (இத மட்டும் ரெண்டு தடவ படிங்க)

டேபிள்லயே இருக்குற கறி சுடுற தட்டத்தான் சொல்றேன், கறிய நாமளே அதுல சுட்டுக்கணும். மொத தடவ போனப்ப எனக்கு இங்கதான் எல்லாம் போச்சு. முஹான் ரிபில் கடை, மெனுவுல த்வேஜி கால்பின்னு இருந்தது, சோயா சாஸ், சர்க்கரை, பூண்டெல்லாம் போட்டு ஊற வெச்ச பன்றி கறி. இனிப்பா இருக்கும்னு கேள்விப்பட்டதால மொதல்லயே அத ஒரு பெரிய தட்டு வாங்கி, நெருப்ப முழுசா வெச்சு, இடமே இல்லாம பரப்பிட்டோம். அஞ்சு நிமிஷத்துல சர்க்கரை கருகி தட்டு முழுக்க கரி, அடுத்து போட்ட கறி எல்லாம் அந்தக் கரிய ஒட்டிக்கிட்டு ஒரே கசப்பு. உள்ள பாத்தா இன்னும் சிவப்பு. சாப்பிட முடியாம மிச்சம் வெச்சோம், பில்லுல அதுக்கும் தனியா காசு போட்டாங்க. சுவத்துல எழுதி ஒட்டியிருந்திருக்கு, மிச்சம் வெச்சா கட்டணம்னு, எங்களுக்குத்தான் படிக்கத் தெரியல. மாசக் கடைசியில அந்தக் காசு ரொம்ப வலிச்சது.

அதனால வரிசைய மாத்தாதீங்க. ஊற வைக்காத கறி மொதல்ல, ஊற வெச்சது கடைசில.

தட்டு காயட்டும். தோசக்கல்லு காஞ்சதான்னு தண்ணி தெளிச்சுப் பாப்போம்ல, இங்க தண்ணி வேணாம், ஒரு துண்டு கறிய ஓரத்துல வெச்சுப் பாருங்க, உடனே "சொய்ங்"னு சத்தம் வரணும். சத்தம் வரலேன்னா எடுத்துட்டு இன்னும் கொஞ்சம் பொறுங்க.

தடிமனான துண்டா இருந்தா படுக்க வெச்சுட்டு கைய எடுத்துடுங்க. மேல் பக்கம் லேசா ஈரம் பூக்கும், அடிப்பக்கம் பொன்னிறமாகி தட்ட விட்டுத் தானா வரும், அப்பதான் திருப்பணும். ரெண்டு பக்கமும் பொன்னிறமான அப்புறம் இடுக்கியால தூக்கிப் பிடிச்சு கத்திரிக்கோலால வாய்க்கு ஏத்த துண்டா வெட்டி, வெட்டின பக்கத்தையும் சுடுங்க. பன்றி கறி, உள்ள சிவப்பு தெரியவே கூடாது. பச்சக் கறி தொட்ட இடுக்கியாலயே வெந்தத எடுக்காதீங்க, இன்னொரு இடுக்கி கேட்டா தருவாங்க.

தட்டு பெரும்பாலும் ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும், கொழுப்பு அந்தப் பக்கமா வழிஞ்சு போறதுக்கு. கிம்ச்சியையும் பூண்டையும் அந்த இறக்கத்துல வெச்சீங்கன்னா கொழுப்புலயே வதங்கும், எனக்கு கறியவிட அந்த கிம்ச்சிதான் உசுரு.

ஊற வெச்சதுக்கு நெருப்பக் குறைங்க, அடிக்கடி திருப்பிக்கிட்டே இருங்க, ஒரு தடவைக்கு நாலஞ்சு துண்டு போதும். தட்டு கருத்துடுச்சா, "புல்பான் கரா ஜுசெயோ", தட்ட மாத்திக் குடுங்கன்னு அர்த்தம். தயங்காம கேளுங்க, எல்லாரும் கேக்குறதுதான். அன்னைக்கு இந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா மிச்சம் வெச்சிருக்கவே மாட்டோம்.

4. சாப்பிடுறது

லெட்டூஸ் இலை, அதுக்கு மேல கேன்னிப் இலை (பெரில்லாங்கிற செடியோட இலை, வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், ரெண்டு மூணு தடவ சாப்பிட்டா பழகிடும்), ஒரு துண்டு கறி, சுட்ட பூண்டு, ஸாம்ஜாங் (காரமான சோயாபீன் விழுது) துளி. மடிச்சு ஒரே வாயில போடணும், கடிச்சு கடிச்சு சாப்பிட்டா எல்லாம் மடியில கொட்டும். அதனால சின்னதா மடிங்க.

கடைசில சாதமோ நெங்மியோனோ (ஜில்லுன்னு இருக்குற நூடுல்ஸ்) வேணுமான்னு கேப்பாங்க. சில கடையில அதே தட்டுல சாதம், கிம்ச்சி போட்டு வறுத்துத் தருவாங்க, கிடைச்சா விடாதீங்க. பில் கவுன்டர்ல கட்டணும், டிப்ஸ் வழக்கம் இங்க கிடையாது.

அப்டேட்: மாட்டுக்கறி சாப்பிடாதவங்க என்ன பண்றதுன்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க, மொதல்லயே எழுதியிருக்கணும். நெங்மியோன் சூப் பெரும்பாலும் மாட்டுக்கறில வெச்சது, த்வென்ஜாங் ஜிகேலயும் (சோயாபீன் விழுதுல வெக்கிற குழம்பு) சில கடையில மாட்டுக்கறி போடுவாங்க. மாட்டுக்கறி சோகோகி, பன்றி த்வேஜிகோகி, கோழி தக்கோகி. எந்தக் கறி எந்த நாட்டுதுன்னு கடையில எழுதி வைக்கணும்கிறது இங்க சட்டம், அந்த போர்டையும் பபாகோல பாத்துக்கோங்க. பன்றியும் வேணாம்னா தக்கால்பி கடைக்குப் போங்க, அது கோழி.

இன்னொரு அப்டேட்: தனியா போலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. பல கடையில குறைஞ்சது ரெண்டு பேர் அளவு ஆர்டர் பண்ணியே ஆகணும், அதனால கூட ஒருத்தரக் கூட்டிட்டுப் போங்க. அந்த ஒருத்தர் சைவம்னா முஹான் ரிபில் வேணாம், அவர் கறி தொடலேன்னாலும் தலைக்கு காசு வாங்கிடுவாங்க. காளான், லெட்டூஸ், சாதம் அவருக்கு ஓகே. கிம்ச்சில மட்டும் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பு இறாலோ இருக்கும், அவர் கை வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.