'பேக்கப் புதியது' என்று எழுதிய இரண்டு டிஸ்க்குகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு காலத்தில் ஐந்து ஹார்ட் டிஸ்க்குகள் கிடந்தன. அவற்றில் இரண்டில் 'பேக்கப் புதியது' என்று என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒரு கணக்குக் கோப்பு. தேடியதில் ஒரு நாள் முழுதாகப் போய்விட்டது. நகல் எடுக்க நான் சோம்பியதே இல்லை. எழுதிவைக்கத்தான் சோம்பினேன். பேக்கப்பை, அதாவது கணினிக் கோப்புகளின் காப்புப் பிரதியை, வேறு டிஸ்க்குகளில் நகலெடுத்துப் பதிவேட்டில் குறித்துவைக்க அதற்குப் பின் எனக்கென்று வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

நகலை எப்போதும் முடிந்த பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். கணினியிலுள்ள கோப்புகளை மறுபடியும் பேக்கப் செய்தால் அது வேறொரு பேக்கப். முந்தையதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. பேக்கப் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை அவசரப்பட்டு நகலெடுத்தேன். பாதி எழுதப்பட்ட கோப்பு இரண்டு டிஸ்க்குகளில் வெகு பத்திரமாக உட்கார்ந்திருந்தது! இப்போது, வேலை பிழையின்றி முடிந்ததாக மென்பொருளின் பதிவு சொன்ன பிறகே வயரைச் செருகுகிறேன்.

மாற்றங்களை மட்டும் சேமிக்கும் பேக்கப்பாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஞாயிறு முழு பேக்கப், மற்ற நாள்களில் அன்றன்றைய மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை நிலைக்குத் திரும்ப ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஐந்தும் வேண்டும். செவ்வாய் விடுபட்டால் திங்களோடு நின்றுவிட வேண்டியதுதான். ஆகவே முழு பேக்கப்பும் அதைத் தொடரும் மாற்றங்களும் சேர்ந்த சங்கிலியை முழுதாகவே ஒரு டிஸ்க்குக்கு அனுப்புங்கள். இரண்டு டிஸ்க்குகளில் பிரிக்காதீர்கள்.

நகலெடுக்கும் முன் பேக்கப் கோப்புக்கு எஸ்எச்ஏ-256 ஹாஷ் கணக்கிடுங்கள். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் அடையாளம். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் எஸ்எச்ஏ256சம் என்ற கட்டளைகள் இதற்காகவே இருக்கின்றன. 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வரிசை வேறாகிவிடும். பிறகு நகலெடுங்கள். டிஸ்க் எஃப்ஏடி32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றியிருக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் இடம் இனிதான் வருகிறது. நகல் முடிந்த கையோடு ஹாஷ் பார்த்தால், கணினி டிஸ்க்கைத் தொடாமல் தன் நினைவகத்தில் மிச்சமிருப்பதையே படித்துக் காட்டக்கூடும். டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மீண்டும் செருகிய பிறகு ஹாஷ் பாருங்கள். இரண்டு வரிசைகளும் ஒத்துப்போனால்தான் அதை நகல் என்று ஒப்புக்கொள்வேன். பிறகு டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் நுழைந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

டிஸ்க்கின் மேல் 'புதியது', 'கணக்கு' என்றெல்லாம் எழுதாதீர்கள். உள்ளே இருப்பது மாறும். எண் மட்டும் போதும்: டி-01, டி-02. டிஸ்க் செத்துப்போனாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.

மற்றதெல்லாம் பதிவேட்டில். என்னுடையதில் ஒரு வரி இப்படி இருக்கும்: நகல் 47, 2024-03-10 முழு பேக்கப், டி-03, எடுத்த நாள் 2024-03-11, ஹாஷின் முதல் எட்டு எழுத்துகள், இருக்கும் இடம்: தம்பி வீட்டு அலமாரி, கடைசியாகச் சரிபார்த்த நாள், எப்போது வரை வைத்திருக்க வேண்டும். முழு ஹாஷ் டிஸ்க்கிலேயே ஓர் உரைக் கோப்பாக இருக்கிறது. டிஸ்க் இடம் மாறும் நாளிலேயே வரியையும் திருத்திவிடுவேன். 'நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்' என்றுதான் என் இழுப்பறை அந்தக் கதிக்கு வந்தது. பதிவேடு கணினியில் மட்டும் இருந்தால் கணினியோடு அதுவும் போய்விடும். ஒரு அச்சுப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நகல்? புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 கணக்கு எனக்குப் போதுமானதாக இருக்கிறது: மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். வெளியே போகும் டிஸ்க்கை, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்துவிடுங்கள். கடவுச்சொல்லை அதன் உறையில் எழுதிவைக்கும் புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்குகளைச் செருகி ஹாஷ் பார்க்கிறேன். சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் தரவு அழியக்கூடும் என்பதால், நீண்ட நாள் வைத்திருக்க வேண்டியதற்கு அதைப் பயன்படுத்துவதில்லை. ஹாஷ் ஒத்துப்போனாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு கோப்பறையை மீட்டுத் திறந்து பார்ப்பேன். பேக்கப்பே பழுதாக இருந்தால் ஹாஷ் அந்தப் பழுதையும் அப்படியே சரி என்று சொல்லும்.

காலம் முடிந்த நகலை அழிக்கும்போது, அதே பேக்கப்புக்கு வேறு நகல் இருக்கிறதா என்று முதலில் பதிவேட்டைப் பார்க்கிறேன். அழித்த பின் அந்த வரியை நீக்குவதில்லை. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி.