பெரியாரின் வாழ்க்கையைக் ‘குடி அரசு’ இதழ் வழியாக எழுதுவது எப்படி?

நான் 22 வருஷம் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன். ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோர்த்த கை. இப்போது எங்கள் வாசகர் வட்டத்துக்குச் சிறு நூல்கள் எழுதுகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்து, “ஐயா, பெரியாரைப் பற்றி இருபது பக்கம் எழுதணும், எங்கே ஆரம்பிக்க?” என்று கேட்பார்கள். பிறந்த தேதியில் ஆரம்பிக்காதே, பெயரில் ஆரம்பி என்பேன். பெயர் என்றால் அச்சில் வந்த பெயர். பலகையிலும் இதழ் முகப்பிலும், சின்ன எழுத்தில் போடும் ‘அச்சிட்டு வெளியிடுபவர்’ வரியிலும் யார் பெயர் இருந்தது, எப்போது மாறியது என்று பார்த்துக்கொண்டே போனால் பாதிக் கதை கிடைத்துவிடும்.

முதலில் மண்டிப் பலகை. ஈரோட்டு வெங்கட்ட நாயக்கர் கூலி வேலையில் தொடங்கி, மளிகைக் கடை வைத்து, மண்டிக்காரராக வளர்ந்தவர். ஆகவே 1879 செப்டம்பர் 17-இல் பிறந்த மகனைப் ‘பரம்பரைப் பணக்காரர்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சொத்துக்கு ஒரு தலைமுறை வயதுதான். பையனுக்குப் படிப்பு ஓடவில்லை. 12 வயதில் மண்டியில் உட்கார்ந்துவிட்டார். 1904-இல் அப்பாவோடு மனத்தாங்கலாகிக் காசிக்குப் போனதும் அங்கே சோற்றுக்கு அலைந்ததும் எல்லா நூலிலும் இருக்கும். திரும்பி வந்தபின் அப்பா மண்டியின் பெயரையே ‘ஈ.வெ.ராமசாமி நாயக்கர் மண்டி’ என்று மாற்றினார். பலரும் இதை ஒரே வரியில் கடந்துபோவார்கள். நீங்கள் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தப் பலகையில் இருந்த ‘நாயக்கர்’ பின்னால் நமக்கு வேண்டும்.

ஈரோடு நகராட்சித் தலைவர் பதவி, 1919-இல் காங்கிரஸ், கதர் மூட்டை, கள்ளுக்கடை மறியல், வைக்கம் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். விவரம் வேண்டுகிறவர்களுக்கு நிறைய நூல்கள் உண்டு. ஒரு இடத்தில் மட்டும் கவனம். கள்ளை எதிர்த்துத் தம் சொந்தத் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார் என்று எழுதுவீர்கள். 500 மரம் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சிலர் 1000 என்பார்கள். மேடைக்கு மேடை மரம் வளரும்! மூலம் கையில் இல்லையென்றால் எண்ணே வேண்டாம், ‘தோப்பையே வெட்டினார்’ என்று எழுதுங்கள். அதற்கே போதுமான கனம் இருக்கிறது.

அப்புறம் இதழ். ‘குடி அரசு’ 1925 மே 2-இல் ஈரோட்டிலிருந்து வார இதழாக வந்தது. தொடங்கி வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள், ஒரு மடாதிபதி. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்ப மாட்டார்கள். அப்போது பெரியார் இன்னும் காங்கிரஸ்காரர். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்ட தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல்தான் வெளியேறினார். ஆக, வெளியேறிய பிறகு இதழ் தொடங்கினார் என்று எழுதினால் தப்பு.

முகப்பைப் பாருங்கள். 1927 டிசம்பர் 18 இதழ் வரை ஆசிரியர் பெயர் ‘ஈ.வெ.ராமசாமி நாயக்கர்’. 25-ஆம் தேதி இதழில் வெறும் ‘ஈ.வெ.ராமசாமி’. அப்பா பலகையில் எழுதிவைத்த பெயரின் வால் ஒரே வாரத்தில் காணாமல் போகிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அவர் தம் பெயரில் அதை முன்னமே செய்து முடித்துவிட்டார். இரண்டு இதழ்களின் முகப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் நூலில் ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.

அடுத்து அந்தச் சின்ன எழுத்து வரி. அன்றைக்கு இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் ஊரும் அச்சில் வந்தாக வேண்டியிருந்தது. வழக்கு வந்தால் போலீஸ் முதலில் பார்த்ததும் அந்த வரியைத்தான். அவருடைய இதழ்களில் அந்த வரிக்குப் பெயர் கொடுத்தவர்களில் வீட்டுப் பெண்களும் உண்டு. 1931 டிசம்பரில் அவர் ஐரோப்பா கிளம்பிக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்துத் திரும்பினார். அதில் சோவியத் நாட்டில் மட்டும் மூன்று மாதம். அந்தக் காலத்தில் இதழைக் கவனித்தவர் மனைவி நாகம்மையார். 1933 மே 11-இல் அவர் காலமானார். அதன் பிறகு வெளியீட்டுப் பொறுப்பு தங்கை கண்ணம்மாளுக்கு வந்தது. அக்டோபர் 29 இதழில் ‘இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?’ என்ற தலையங்கம் வந்தது. அதற்காக அண்ணன், தங்கை இருவரும் சிறைக்குப் போனார்கள். தலையங்கம் எழுதியவருக்குச் சிறை என்றால் புரிகிறது. கடைசி வரியில் பெயர் கொடுத்ததற்காக ஒரு பெண் சிறை சென்றதை எத்தனை நூல்கள் நின்று பேசுகின்றன?

நாகம்மையார் இறந்த மூன்றாம் நாள், மே 14 இதழில் பெரியார் எழுதிய தலையங்கத்தைப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள். மனைவி போனதால் தமக்கு என்னென்ன போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்காவது வீட்டில் நடந்துகொண்டேன் என்று சொல்லத் தமக்கு முழு யோக்கியதை இல்லை என்று ஒப்புக்கொள்வார். கூடவே, இந்த மறைவு பொதுவேலைக்கு இனித் தடையில்லாத நிலை என்றும் கணக்குப் போடுவார். மண்டிக்காரரின் பேரேடு மாதிரி வரவும் செலவும் ஒரே பக்கத்தில். பக்தர்கள் ஒரு பாதியை எடுப்பார்கள், எதிரிகள் மறு பாதியை. நீங்கள் இரண்டையும் எடுங்கள்.

1933-க்குப் பிறகு இதழ்களின் பெயர் மாறி மாறி வரும்: ‘புரட்சி’, ‘பகுத்தறிவு’, 1935-இல் மறுபடி ‘குடி அரசு’. மனம் மாறி மாறிப் பெயர் வைத்தார் என்று நினைக்க வேண்டாம். 1931-ஆம் ஆண்டு அவசர அச்சுச் சட்டத்தில் அரசு ஜாமீன் தொகை கேட்கலாம். கேட்டால் கட்டு, இல்லையென்றால் இதழை நிறுத்திவிட்டு வேறு பெயரில் வா. இந்த ஒரு விஷயத்தை விளக்கிவிட்டால் வாசகர் குழம்ப மாட்டார். ‘விடுதலை’யில் நானே வழுக்கி விழுந்தேன். என் முதல் நூலில் 1935-இல் அவர் தொடங்கினார் என்று எழுதிவிட்டேன். அது நீதிக்கட்சி இதழாக வாரம் இருமுறை வந்து, பிறகு அவர் கைக்குப் போய், 1937-இல் நாளிதழானது. ஒரு பெரியவர் பென்சிலால் ஓரத்தில் குறித்துத் திருப்பிக் கொடுத்தார்.

இனி என் தொழில் சங்கதி. 1935 தொடக்கத்தில் ‘குடி அரசு’ எழுத்தைக் கூர்ந்து பாருங்கள். ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகள் அதுவரை கொம்பும் சுழியுமாகத் தனி வடிவத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, எழுத்துகளைப் பிரித்துப் போடும் டைப் கேஸ் பெட்டியில் தனி அறை. பெரியார் அவற்றை உடைத்து, மற்ற எழுத்துகளுக்குப் போடும் துணைக்காலையும் ஐகாரக் குறியையுமே இதற்கும் போடச் சொன்னார். எழுத்துச் சீர்திருத்தம் என்றால் எல்லாரும் கொள்கை பேசுவார்கள். கேஸ் முன்னால் நின்றவனுக்கு அது வேறு மாதிரி தெரியும். அச்சகம் வைத்து ஈயத்துக்குக் காசு கொடுத்தவருக்குத்தான் இது தோன்றும். அரசு ஏற்றுக்கொண்டது 1978-இல்.

உங்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. ‘1926 இதழ்’ என்று யாராவது படம் அனுப்பி, அதில் ‘லை’ இப்போதைய வடிவில் இருந்தால் அது அசல் பக்கம் இல்லை, பின்னால் கோர்த்தது. தேதிக்கும் ஒரு வழி இருக்கிறது. முதல் இதழ் சனிக்கிழமை. ஆனால் நான் மேலே சொன்ன மற்ற இதழ்த் தேதிகள் எல்லாம் ஞாயிறு. அந்த ஆண்டுகளின் மேற்கோளுக்குப் புதன்கிழமைத் தேதி கொடுத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அசல் பார்க்கச் சென்னை ரோஜா முத்தையா நூலகம், இருந்த இடத்தில் பார்க்கத் தமிழ் இணைய மின்னூலகம். மறுபதிப்புத் தொகுதிகளும் உண்டு. படித்து எழுதும்போது அவர் நடையை மெருகேற்றாதீர்கள். ‘ஜாதி’ என்று இருந்தால் ‘ஜாதி’தான். எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்று காங்கிரஸ் சார்பு நாளிதழான ‘சுதேசமித்திர’னையும் புரட்டுங்கள்.

பண விஷயத்தை விட்டுவிடாதீர்கள். தோப்பை வெட்டிய அதே மனிதர் பின்னாளில் கையெழுத்துக்கும் படம் எடுத்துக்கொள்வதற்கும் காசு வாங்கினார். அது இயக்கத்துக்குப் போனது. 1952-இல் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தையும் பதிவு செய்துவைத்தார். கஞ்சத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது மண்டி பழக்கிய கைதான் என்று படுகிறது.

அவர் மறைந்த 1973 டிசம்பர் 24, வேலூர் வரை எழுதி முடித்ததும் மெய்ப்பு பார்க்க ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, நீங்கள் அச்சுப் பிரதியைப் பார்க்க வேண்டும். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் வாசிப்பது என் மனைவி. போன தடவை “ஒன்று ஒன்பது இரண்டு ஏழு” என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது, என் பிரதியில் 1972 என்று இருந்தது.