டி.என்.ஏ. பழுதுநீக்க மரபணுவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி

கட்டியில் ஒரு டி.என்.ஏ. பழுதுநீக்க மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்பதை வைத்துப் புற்றுநோயாளியின் ஆயுளைக் கணிக்கலாம் என்று சொல்லும் கட்டுரை கைக்கு வந்தால், முதுநிலை மருத்துவ மாணவர் அதன் முடிவுரைக்குப் போகுமுன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நோய் இயல்பாக எப்படிப் போகும் என்று காட்டுவது நோய்ப்போக்குச் சுட்டி. குறிப்பிட்ட மருந்தால் யாருக்குப் பலன் கிடைக்கும் என்று காட்டுவது மருந்துப்பலன் சுட்டி. ஒரே மரபணு இவ்விரண்டிலும் எதிரெதிர்த் திசையில் நிற்கக்கூடும். நுரையீரல் புற்றுநோயில் ஈ.ஆர்.சி.சி.1 என்னும் பழுதுநீக்க மரபணு அதற்குச் சான்று.

இந்த மரபணுவின் புரதம் எக்ஸ்.பி.எஃப். என்னும் துணைப் புரதத்துடன் சேர்ந்து, சேதமடைந்த டி.என்.ஏ. துண்டை வெட்டி எடுக்க உதவுகிறது. சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்தோ டி.என்.ஏ.வில் பிணைப்புகளை உண்டாக்கியே உயிரணுவைக் கொல்கிறது. ஆகவே பழுதுநீக்கத்தில் வல்ல கட்டி மருந்துக்குத் தப்பும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அதே வன்மை மரபணுத்தொகுதியைச் சிதையாமல் காப்பதால், மருந்தே கொடுக்காத நிலையில் நோய் மெதுவாகப் போகவும் கூடும்.

எனவே மருந்து பெறாத நோயாளிகளின் தரவு கட்டுரையில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 2006இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் துணைக் கீமோ கொடுத்துப் பார்த்த ஒரு சர்வதேசப் பரிசோதனையின் 761 கட்டிகளில் 335இல் (44%) ஈ.ஆர்.சி.சி.1 புரதம் இருந்தது. அது இல்லாதவர்களில் சிஸ்பிளாட்டின் சார்ந்த கீமோ பெற்றவர்களுக்கு, பெறாதவர்களோடு ஒப்பிட, இறப்புக்கான இடர் விகிதம் 0.65 (1க்குக் கீழே இருந்தால் இடர் குறைவு என்று பொருள்). இருந்தவர்களில் பலன் தெரியவில்லை. கீமோ பெறாதவர்களிலோ அது இருந்தவர்களே நீண்டநாள் வாழ்ந்தார்கள் (இடர் விகிதம் 0.66). கீமோ பெற்றவர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இந்த முரண் கண்ணில் பட்டே இருக்காது. ஒரு பிரிவில் பலன் உண்டு, மறுபிரிவில் இல்லை என்பது மட்டும் போதாது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டையே சோதிக்கும் இடைவினைச் சோதனையின் p மதிப்பையும் பாருங்கள்; அது சிறிதாக இருந்தால், வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். இங்கு அது 0.009.

அடுத்து, எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேளுங்கள். பலரும் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இதுதான். என் பார்வையில் கட்டுரையின் உயிர்நாடியும் இதுவே. 2013இல் அதே குழுவினர் வேறு இரண்டு பரிசோதனைகளின் 494 மாதிரிகளில் தங்கள் முடிவைச் சரிபார்க்க முயன்றபோது அது உறுதிப்படவில்லை. பழைய மாதிரிகளையே மீண்டும் சாயமேற்றிப் பார்த்தபோது, 44% ஆக இருந்த நேர்மறை விகிதம் 77% ஆகிவிட்டது. காரணத்தைத் தேடி, இந்தப் புரதத்தில் ஒட்டி அதை அடையாளம் காட்டும் 16 ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். இந்தப் புரதத்துக்கு நான்கு வடிவங்கள் உண்டு. சிஸ்பிளாட்டின் சேதத்தைச் சரிசெய்வது அவற்றில் ஒன்று மட்டுமே. அந்த ஒன்றைத் தனியாக இனங்காண எந்த ஆன்டிபாடியாலும் முடியவில்லை. தங்கள் புகழ்பெற்ற முடிவைத் தாங்களே கேள்விக்கு உட்படுத்தி அதை வெளியிட்ட அவர்களின் நேர்மை மதிக்கத்தக்கது.

ஆகவே ஆன்டிபாடியின் குளோன் பெயர் (எந்த வகை ஆன்டிபாடி என்று காட்டும் பெயர்), நேர்மறை என்று கொள்ளும் எல்லை முன்கூட்டியே வகுக்கப்பட்டதா என்பது, வேறொரு நோயாளிக் குழுவில் மறுசோதனை நடந்ததா என்பது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.என்.ஏ. அளவைப் புரத அளவாக எண்ணிவிடாதீர்கள்.

கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோயில் எம்.ஜி.எம்.டி. என்னும் பழுதுநீக்க மரபணு சற்று வேறு வகை: அங்கே பெரும்பாலும் அளப்பது புரதத்தை அல்ல, அந்த மரபணுவின் தொடக்கப் பகுதி மெத்தில் ஏற்றம் (மெத்தில் என்னும் வேதிக்குறி ஒட்டுவது) பெற்று அடங்கியிருக்கிறதா என்பதை. 2005இல் 206 பேரிடம் நடந்த ஆய்வில், மெத்தில் ஏற்றம் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 15.3 மாதங்கள், டெமோசோலமைடு என்னும் கீமோ மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 21.7 மாதங்கள். இடைநிலை என்பதால், பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்திருக்கிறார்கள். “எத்தனை மாதம், டாக்டர்?” என்று கேட்கும் குடும்பத்தாரிடம் இந்த எண்ணைச் சொல்ல நேர்ந்தால், அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.