டாக்டர் சீட்டை வாங்கியதிலிருந்து மருந்து அட்டையைக் கொடுக்கும் வரை: வேலூர்ப் பக்கம் மெடிக்கலில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு

டி.பார்ம் என்ற மருந்தாளுநர் படிப்பை முடித்து, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவும் வாங்கிவிட்டு, வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று எங்கோ ஒரு மெடிக்கலில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் அந்த இடத்தில் நின்றவன் நான். படிக்கும்போது உறுதிமொழி எடுத்திருப்பீர்கள், தொழில் நெறி என்று ஒரு பாடமும் இருந்திருக்கும். ஆனால் எதிரே நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டிருக்க, பின்னால் முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்த நேரத்தில் அதையெல்லாம் எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஒன்று. "நீங்க தினமும் வர வேணாம், சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க, மாசம் ஒரு தொகை குடுத்துடறோம்" என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 1948ஆம் வருஷத்து பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. சுவரில் உங்கள் பெயர் மாட்டியிருக்கும் கடையில், பத்தாவது படித்த பையன் பெயரைக் குத்துமதிப்பாகப் படித்து எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு அட்டைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். 2015இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் போட்ட பேட்ஜும் அணியச் சொல்கின்றன. மே மாத வேலூர் வெயிலில் கோட்டு கஷ்டம்தான், ஆனாலும் போடுங்கள். கடையில் மருந்து பற்றி யாரிடம் கேட்பது என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

சரி, சீட்டு கைக்கு வந்துவிட்டது. அலமாரிப் பக்கம் திரும்புவதற்கு முன் சீட்டை முழுக்கப் படியுங்கள். டாக்டரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், மருந்தின் அளவு, எத்தனை நாள். இதில் எது இல்லாவிட்டாலும், எழுத்து புரியாவிட்டாலும், ஊகிக்காமல் போன் போடுங்கள். "டாக்டர் பிசியா இருப்பாரு" என்று தயங்க வேண்டாம், அவர் திட்டினாலும் பரவாயில்லை. கொடுத்து முடித்ததும் அசல் சீட்டிலேயே கடை முத்திரையும் தேதியும் போட்டுவிடுங்கள். விதியும் அதைத்தான் சொல்கிறது. அந்த முத்திரை இல்லாததால்தான் ஒரே தூக்க மாத்திரைச் சீட்டு நாலு கடை ஏறி இறங்குகிறது.

எழுதிய பிராண்டு இல்லை என்றால் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று எடுத்துக் கொடுப்பது எல்லாக் கடையிலும் நடக்கிறது. ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் என்ற பட்டியல்களில் உள்ள, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு அப்படி நீங்களாக மாற்றிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. டாக்டரைக் கேட்டு, அவர் சரி என்றால் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். சீட்டில் மூலப்பெயர் மட்டும் இருந்தால் எந்தக் கம்பெனி என்பது உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. அப்போது லாபம் அதிகம் வருவதை எடுக்காமல், எதிரே நிற்கிறவரின் சட்டைப் பையைப் பாருங்கள். அதுவும் முடியாதவர் என்றால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் எங்கே இருக்கிறது என்று வழி சொல்லி அனுப்புங்கள். முதலாளிக்குப் பிடிக்காது. எனக்கும் இரண்டு முறை சத்தம் விழுந்திருக்கிறது.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கம் நின்றால் தமிழைவிட வங்காளம்தான் அதிகம் காதில் விழும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தோ வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள். மொழி தெரியாதவரிடம் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது திருட்டு, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மொழி தெரியாமல் நடக்கும் தவறு அதைவிட மோசமானது. ஒருமுறை மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதிய சீட்டோடு ஒருவர் வந்தார், மனைவிக்கு. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. நான் வேலை மும்முரத்தில் ஒரு விரலைக் காட்டி, "ஒன்லி ஒன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தினம் ஒன்று என்று அவர் புரிந்துகொண்டார். பத்து நாள் கழித்து வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்த அம்மாவே கடைப் படியில் வந்து நின்றார். ரத்தத்தில் வெள்ளையணு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டுத் தேறினார். அவர் கணவர் என்னைத் திட்டவே இல்லை. தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று என்னிடமே வருத்தப்பட்டார்.

அன்றிலிருந்து நான் செய்வதைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரையைத் தனிக் கவரில் போடுவேன். கிழமையை அவர்கள் மொழியில், "ரொபிபார்" (ஞாயிறு) என்று, பக்கத்து லாட்ஜ் பையனிடம் எழுதக் கற்றுக்கொண்ட வங்க எழுத்தில் எழுதுவேன். அதோடு சேர்த்து எழுதியிருக்கும் ஃபோலிக் ஆசிட்டை வேறு கவரில் வேறு கிழமை போட்டுக் கொடுப்பேன். அப்புறம் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டால்தான் தெரியும். எழுத்து தெரியாத நம் ஊர்ப் பாட்டிகளுக்கு சூரியனும் பிறையும் வரைந்து கொடுங்கள், அரை நிமிஷம்தான் ஆகும்.

அடுத்தது செட்டு மாத்திரை. ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டுப் பக்கம் கடை என்றால் தினமும் இதைத்தான் சமாளிப்பீர்கள். "காய்ச்சல், கை கால் குடைச்சல், ஒரு செட்டு குடுப்பா" என்று பத்து ரூபாயை நீட்டுவார்கள். பிரித்த மாத்திரைகள் நாலைந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் பொட்டலம். அதில் சின்னதாக வெள்ளையாக ஒன்று இருக்கும், அது ஸ்டீராய்டு. அதனால்தான் வலி ஒரே வேளையில் போகிறது, அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு முகம் ஊதும், சுகர் ஏறும், எலும்பு தேயும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. நீங்கள் தர மாட்டேன் என்றால், "அந்தக் கடையில குடுக்கறான், நீ இன்னா பெரிய டாக்டரா?" என்பார்கள். கோபப்படாதீர்கள். "எத்தன நாளா காய்ச்சல்கா? வாந்தி இருக்கா? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்க ஆரம்பியுங்கள். கேள்வி கேட்டாலே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள், ஏனென்றால் அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. இரண்டு நாளைக்குப் பாரசிட்டமால் அட்டையோடு வெட்டிக் கொடுங்கள், பெயரும் எக்ஸ்பயரியும் தெரிகிற மாதிரி. மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை கொடுத்தால் ரத்தக்கசிவுக்கு வழி செய்கிறோம். மூன்று நாளைத் தாண்டிவிட்டது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், எந்த பஸ் என்றும் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக் விஷயமும் இதே கதைதான், "ரெண்டே ரெண்டு குடு" என்பார்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் கிடையாது, அவ்வளவுதான். இவற்றில் பல அடங்கிய எச்1 பட்டியல் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த மருந்தைக் கொடுத்த உடனே டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி ரெஜிஸ்டரில் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து பேர்களைக் கற்பனை செய்து நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். டி.பி. மருந்து வாங்குகிறவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பதும் 2018 முதல் கட்டாயம். ஆனால் அதைக் கடையில் சத்தமாகப் பேச வேண்டாம். குடியாத்தம் மாதிரி ஊரில் பக்கத்தில் நிற்கிறவர் சம்பந்தி வீடாக இருப்பார். கர்ப்பப் பரிசோதனைக் கருவி, மனநல மருந்து, எச்.ஐ.வி. மருந்து எதுவானாலும் பெயரைச் சொல்லிக் கூவாமல் கவரில் போட்டு, கவுண்டர் ஓரத்துக்கு அழைத்துப் பேசுங்கள்.

சாயங்காலம் பையன்கள் இரண்டு மூன்று பேராக வந்து ஜெராக்ஸ் சீட்டில் வலி மாத்திரை கேட்டால், அது போதைக்காக இருக்கலாம்; ஜெராக்ஸுக்கு மருந்து கிடையாது. வாக்குவாதம் செய்யாதீர்கள், தனியாகக் கடையைப் பார்க்கும் பெண்கள் முக்கியமாக. அமைதியாக மறுத்துவிட்டு முதலாளிக்கு போன் செய்யுங்கள், மிரட்டினால் போலீசுக்கு.

ஃபிரிட்ஜில் தயிர், தண்ணீர் பாட்டில் வைக்க விடாதீர்கள். இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் 40ஐத் தாண்டும், கரண்ட் போனால் தகரக் கூரைக் கடை அடுப்பாகிவிடும். காலையும் மாலையும் டிகிரியைக் குறித்து வையுங்கள். காட்பாடியில் ரயிலேறி ஹவுரா போகிறவருக்கு ஐஸ் பேக்கை இன்சுலின் மேல் நேராகப் படாமல் துணி சுற்றிக் கொடுங்கள், உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான்.

பேட்ச் நம்பரையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்த இருமல் சிரப், டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்தது, நம் பக்கத்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் அன்றைக்கே அலமாரியைக் கலைத்துத் தேடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ராத்திரி ஷட்டர் இறக்குவதற்கு முன் இன்னொரு வேலை. அன்றைய பில்லையும், அடிக்கடி மாறிப்போகும் ஏழெட்டு மருந்துகளின் இருப்பையும் ஒத்துப் பாருங்கள். கிளிமெபிரைடு 1 மில்லிகிராமில் ஒரு அட்டை கூடுதலாகவும் 2 மில்லிகிராமில் ஒரு அட்டை குறைவாகவும் இருந்தால், யாரோ ஒரு சுகர்க்காரர் இரண்டு மடங்கு மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அதனால்தான் ஒவ்வொரு பில்லிலும் போன் நம்பர் வாங்கச் சொல்கிறேன். உடனே கூப்பிட்டு, "நான்தான் மாத்திக் குடுத்துட்டேன், சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். சாப்பிடவில்லை என்றால் அட்டையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு சரியானதோடு போங்கள். சாப்பிட்டுவிட்டார் என்றால் டாக்டருக்கும் சொல்லுங்கள். வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள், மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். காலையில் மறுபடியும் ஒரு போன் போடுங்கள்.