ஓடும்போதே நின்றுபோகும் பழைய டொல்பின் வான்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

டொல்பின் என்று சொல்லப்படும் பழைய டொயோட்டா ஹைஏஸ் வானை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் சின்ன ஃபிரிட்ஜும் போட்டுக் கேம்பர் வானாக மாற்றியிருக்கிறீர்கள். ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் காலி வீதியில், வெள்ளவத்தை நெரிசலுக்கு நடுவே, எஞ்சின் நின்றுவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் காட்டாது. அதனால் ஊகத்தில் ஒவ்வொரு பொருளாக மாற்றுவார்கள், காசுதான் கரையும். புதுப் பொருள் வாங்கும் முன், எஞ்சின் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இங்கே சொல்வது 2எல், 3எல் போன்ற, சாதாரண டீசல் பம்ப் உள்ள எஞ்சின்களுக்கு. இவற்றில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு வேண்டியது காற்றுக் கலக்காத டீசலும், பம்பில் இருக்கும் சொலினாய்டுக்கு (மின்சாரம் இருக்கும்வரை டீசல் வழியைத் திறந்து வைக்கும் வால்வு) 12 வோல்ட் மின்சாரமும்தான்.

நிற்கும் விதம்

திறப்பைத் திருப்பி நிறுத்தியது போலச் சட்டென்று நின்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றால் டீசல் வரவில்லை என்று அர்த்தம். கடுகண்ணாவை ஏற்றம் போல எஞ்சின் நிறைய டீசல் கேட்கும் இடத்தில் மட்டும் இழுவை விழுந்தால், பில்டரோ டாங்கியில் உள்ள வலையோ அடைத்திருக்கலாம். காலையில் ஸ்டார்ட் ஆகி, சற்று நேரத்தில் தடுமாறி நின்றால் பைப்பில் காற்று.

ஒரு கொப்பியை வானிலேயே வையுங்கள். டாங்கியில் டீசல் எவ்வளவு இருந்தது, எஞ்சின் சூடா, மழையா, ஃபிரிட்ஜ் ஓடியதா, திரும்ப உடனே ஸ்டார்ட் ஆனதா என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

ஓடும்போது நின்றால் பதறாதீர்கள். ஸ்டியரிங் பாரமாகும். பிரேக்கில் ஓரிரு மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாக மிதித்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். வான் ஓய்ந்து நிற்கும்வரை திறப்பை வெளியே எடுக்கவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

டாங்கி மூடியும் பில்டரும்

காசு செலவில்லாத சோதனை முதலில். வான் நின்றதும் டீசல் டாங்கி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அதன் பிறகு எஞ்சின் ஒழுங்காக ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கழுவிப் பாருங்கள், சரிவராவிட்டால் மாற்றுங்கள்.

அடுத்தது டீசல் பில்டர். அடியில் உள்ள வடிகால் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அழுத்தி, வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கேம்பர்களில் இது சாதாரணம். கொழும்பு ஈரக்காற்றில் அரை டாங்கியோடு நிறுத்தினால் உள்ளே நீர் கோர்க்கும், ஆகவே நிறைத்துவிட்டு நிறுத்துங்கள். வடித்ததைக் காணில் ஊற்றாதீர்கள். பில்டர் மாற்றிய காலம் நினைவில் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும்போது பழையதையே கையில் கொண்டுபோங்கள், பேச்சு மிச்சம்.

காற்று எங்கே நுழைகிறது?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். டாங்கியிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. ஆகவே வெடித்த ஹோஸ் ஒன்று வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் உள்ளே காற்றை இழுக்கும். ஒழுகவில்லையே என்று அதை நல்ல ஹோஸ் என முடிவு கட்டாதீர்கள்.

பில்டருக்கும் பம்புக்கும் இடையில் டீசலைத் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் துண்டு ஒன்றைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகும் குமிழி தொடர்ந்து வந்தால் காற்று நுழைகிறது. இடத்தைப் பிடிக்க, சுத்தமான டீசல் நிறைந்த கலனைப் பில்டரை விடத் தாழ்வாக வைத்து, அதிலிருந்து நேரே பில்டருக்கு ஹோஸ் கொடுங்கள். பம்பிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் ஹோஸையும் அதே கலனுக்குள் விடுங்கள். குமிழி நின்றால் கோளாறு டாங்கிப் பக்கம். நிற்காவிட்டால் பில்டர் தலை, கைப்பம்பின் ரப்பர், வாஷர்கள் ஆகியவற்றைப் பாருங்கள். புது ஹோஸ் வாங்கும்போது டீசலுக்கானது என்று கேட்டு வாங்குங்கள், தண்ணீர் ஹோஸ் ஊறிப் பிய்ந்துவிடும்.

சொலினாய்ட்

முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். பம்பின் மேல் ஒற்றை வயரோடு இருப்பதுதான் சொலினாய்ட். திறப்பை 'ஒன்' பண்ணும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது அந்த வயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எஞ்சின் தடுமாறினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்: முனையைச் சுரண்டிச் சுத்தமாக்கி இறுக்குங்கள்.

மல்டிமீட்டரில் பட்டரியையும் சொலினாய்டையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ மின்சாரம் தேய்கிறது. கேம்பராக மாற்றியவர்கள் ஃபிரிட்ஜ், லைட் வயர்களைத் திறப்புச் சுவிட்ச் வயரிலேயே ஒட்டியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். அவற்றுக்குத் தனி ஃபியூஸோடு பட்டரியிலிருந்தே தனி வயர் இழுக்க வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால், 5 அம்பியர் ஃபியூஸ் போட்ட வயரைப் பட்டரியின் பிளஸ் முனையிலிருந்து நேரே சொலினாய்டுக்குக் கொடுத்து, ஒதுக்குப்புறமான வீதியில் ஓட்டிப் பாருங்கள். பழைய வயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். இப்போது திறப்பைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. அந்த வயரைக் கழற்றினால்தான் நிற்கும். கூட வருபவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். இப்படி ஓட்டும்போது நிற்பது ஓய்ந்தால், தேட வேண்டியது திறப்புச் சுவிட்சையும் இடையில் உள்ள வயரையும் ஃபியூஸையும்தான்.

இத்தனையும் சரியாக இருந்து, கலனிலிருந்து டீசல் கொடுத்தும், குமிழியே வராமல், எஞ்சின் நன்கு சூடான பிறகு மட்டும் நின்றால், அடுத்த இடம் டீசல் பம்ப் திருத்தும் கடை. பம்பை வீட்டில் பிரிக்காதீர்கள். கொப்பியைக் காட்டி, எவற்றையெல்லாம் சோதித்தீர்கள் என்று பாஸிடம் சொல்லுங்கள். அவர் நேராகப் பம்பிலேயே கை வைப்பார்.