வளாகப் பூனையைப் பேராசிரியராக நியமிக்கும் முறை

மொரீஷியசின் மோக்கா வட்டாரத்து உயர்கல்வி வளாகங்களில் திரியும் பூனை ஒன்றைப் பேராசிரியராக நியமிக்க விரும்பும் தமிழ்த் துறையினர், அது காலையில் எந்தத் துறையின் வாசலில் படுத்திருக்கிறது என்பதைச் சில நாட்கள் கவனித்து, அக்கம்பக்கத்து வீடுகளிலும் விசாரிக்க வேண்டும். உரிமையாளர் இருந்தால் அது வருகைதரு பேராசிரியர் மட்டுமே. இரவு தங்க வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

தகுதி குறித்து எவரேனும் ஆட்சேபித்தால் முன்னுதாரணம் காட்டலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், தனியாளாக எழுதிய ஆய்வுக் கட்டுரை முழுவதிலும் 'நாங்கள்' என்றே எழுதிவிட்டு, அதை மறுபடியும் தட்டச்சு செய்ய மனமில்லாமல், தம் சயாமியப் பூனை செஸ்டரை எஃப். டி. சி. வில்லர்ட் என்ற பெயரில் இணையாசிரியராகச் சேர்த்தார். அக்கட்டுரை 1975இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வெளிவந்தது. 1980இல் அதே வில்லர்டின் பெயரில் மட்டும் பிரெஞ்சுக் கட்டுரையொன்றும் வந்தது. நம் தீவில் பிரெஞ்சு எழுதத் தெரிந்த விண்ணப்பதாரரைத் தேர்வுக் குழு எளிதில் ஒதுக்கிவிடாது.

நியமனத்துக்கு முன் மருத்துவச் சான்று அவசியம். கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்யாமல் பெண் பூனையைப் பணியில் அமர்த்தினால், அதன் கர்ப்பகாலம் ஏறத்தாழ இரண்டே மாதம் என்பதால், ஆண்டு முடிவதற்குள் துறை முழுவதும் உறவினர் நியமனமாகிவிடும். அறுவையின்போது காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளமிடுவது பல நாடுகளில் வழக்கம். அதையே பணியாளர் அட்டையாகக் கொள்ளலாம்.

சம்பளம் மீனாகவோ இறைச்சியாகவோ இருக்க வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வெங்காயமும் பூண்டும் நஞ்சு என்பதால் மிஞ்சிய குழம்புச் சோற்றைப் படியாக வழங்குவது கூடாது. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் துறையே மரக்கறிக்கு மாறும்போதுதான் சிக்கல் எழுகிறது. டாரின் என்னும் சத்துக்காக இறைச்சியையே நம்பியிருக்கும் உயிரை நம் விரதத்தில் சேர்த்துக்கொள்ள இயலாது. எனவே, விரதமில்லாத பக்கத்துத் துறையினரிடம் உணவுப் பொறுப்பை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். அதன்பின் பேராசிரியர் அங்கேயே நிரந்தரமாகிவிட்டால் கூட்டுப் பணியமர்த்தம் என்று கோப்பில் எழுதிக்கொள்வதே கௌரவம்.

ஆய்வுத் துறையாகப் பல்லியியலை ஒதுக்கலாம். ஆனால் களப்பணி என்று காட்டோரத்தில் கொண்டுபோய் விடுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன்; இத்தீவுக்கே உரிய இளஞ்சிவப்புப் புறாவுக்குக் காட்டில் அலையும் பூனைகள் பெரும் ஆபத்து. கற்பித்தல் சுமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விரிவுரையின் நடுவே மேசையில் ஏறி உறங்கினாலும் மாணவர் வருகை குறையாது.

புயல் காலத்தில், எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு ஏறி எவரும் வெளியே வர முடியாமற்போவதற்கு முன், பூனையை யாருடைய அறையில் தண்ணீரும் மணற்பெட்டியும் வைத்து அடைப்பது, அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை நியமன ஆணையிலேயே குறிப்பிட்டு, காவலாளியிடம் அதன் பிரதி ஒன்றைக் கொடுத்துவைக்க வேண்டும்.